ஒரு வீடு, மூன்று விலைகள்

வீடு வாங்கப் புறப்படுபவருக்கு ஊரே ஆலோசனை வழங்கும். தண்ணீர் எப்படி, மூலப்பத்திரம் இருக்கிறதா, வில்லங்கம் பார்த்தாயிற்றா என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். விற்கப் புறப்படுபவரிடம் எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "என்ன விலைக்குப் போகும்?" பெரிய தொகையைச் சொன்னவரிடம் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்பதே பொதுவான எண்ணம். கணபதியில் எங்கள் அத்தா கட்டிய வீட்டுக்கு மூவர் மூன்று விலை கேட்டு வந்தபோது, அந்த மூன்றையும் எடைபோட எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. சொத்தைப் பங்கிடுவதற்காகவே வீட்டை விற்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம் என்பதால், அந்த இரண்டு மாதக் கணக்கை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

அத்தா டெக்ஸ்டூல் ஆலையில் ஃபிட்டராக இருந்தார். 1976-இல் நாலு செண்ட் மனை வாங்கினார். 1978-இல் வீடு எழுப்பினார். அப்போது கணபதி கோவை நகரத்துக்கு வெளியே இருந்தது. 1981-இல் கோவை மாநகராட்சி உருவானபோது அதற்குள் வந்தது. பிறகு சத்தி சாலை நெடுகக் கடைகள் எழுந்தன. சரவணம்பட்டியில் கணினி நிறுவனங்கள் வந்தன. ஆயிரங்களில் பேசப்பட்ட செண்ட் இலட்சங்களில் பேசப்படலாயிற்று. அத்தா 2004-இலும் அம்மா 2022-இலும் வஃபாத் ஆயினர். அத்தாவின் சொத்தில் அம்மாவுக்குரிய எட்டில் ஒரு பங்கும் அம்மாவுக்குப் பின் எங்களிடமே வந்தது. நாங்கள் ஆண்மக்கள் இருவர், தங்கை ஒருத்தி. எங்களுக்கு இவ்விரண்டு பங்கு, தங்கைக்கு ஒரு பங்கு. ஆக, வீட்டில் ஐந்தில் ஒன்று அவளுடையது.

நாலு செண்டையும் ஒரு சமையலறையையும் ஐந்தாக வெட்ட முடியாது. அண்ணன் திருப்பூரில் நிலைத்துவிட்டார். தங்கை கணவரை இழந்து, கரும்புக்கடையில் வாடகை வீட்டில் இரு பிள்ளைகளுடன் வசிக்கிறாள். ஐந்து மாதத்தில் வீட்டைக் காலி செய்து தரும்படி அவளுடைய வீட்டுக்காரர் கேட்டிருந்தார். எனவே விற்பதென்று முடிவாயிற்று.

இதற்கு முன்பும் ஒருமுறை அந்த வீட்டுக்கு விலை வந்ததுண்டு. 1997 நவம்பர்க் கலவரமும் 1998 பிப்ரவரி 14-ஆம் நாள் குண்டுவெடிப்புகளும் கோவையைக் குலைத்துப் போட்டிருந்த காலம் அது. கலந்து வாழ்ந்த தெருக்களிலிருந்து நம்மவர் பலர் உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர்ப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு தரகர் வந்து, நியாய விலையில் பாதியைச் சொன்னார். ரொக்கமாக ஒரே வாரத்தில் தருவதாகவும் சொன்னார். அத்தா அவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு எங்களிடம் கேட்டார்: "அவர் வீட்டுக்கு விலை கேட்கிறாரா, நம் பயத்துக்கு விலை கேட்கிறாரா?" பக்கத்து வீட்டுக்காரர் அன்று மாலையே வந்து, "நீங்க எங்கேயும் போக வேண்டாங்க பாய்" என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். லேத் பட்டறை வைத்திருப்பவர். இப்போது விலை கேட்டு வந்த மூவரில் அவரும் ஒருவர் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் வந்தவர் மனை வாங்கி விற்பவர். 72 இலட்சம் என்றார். அண்ணன் முகம் மலர்ந்தது. நிபந்தனைகள் பின்னால் வந்தன. பத்திரத்தில் 45 இலட்சம் மட்டும் காட்டுவார். மீதி 27 இலட்சத்தை நோட்டுக் கட்டுகளாகத் தருவார். முன்பணம் ஓர் இலட்சம். கிரயம் முடிக்க ஆறு மாத அவகாசம். அந்த ஆறு மாதமும் வீட்டின் சாவி அவரிடம் இருக்க வேண்டும்.

இதன் பொருள் என்னவென்று பாருங்கள். ஓர் இலட்சத்தைக் கட்டிவிட்டு, எங்கள் வீட்டையே காட்டி, 72-க்கு மேல் தரக்கூடிய வேறொருவரை அவர் தேடுவார். கிடைத்தால் கிரயம், கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு குறையைச் சொல்லி விலையைக் குறைப்பார். இவ்வகையில் 72 இலட்சம் என்பது அவர் தருவதாக ஒப்புக்கொண்ட விலையே அன்று. தமக்குக் கிடைக்கலாம் என்று அவர் நம்பும் விலை.

அந்த 27 இலட்சம் இதைவிடப் பெரிய சங்கடம். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கலாகாது என்பது 2015 ஜூன் முதல் சட்டம். மீறினால், வாங்கிய தொகைக்குச் சமமான தொகையே அபராதம். அதுவும் கொடுத்தவருக்கு அன்று, பெற்றவருக்கு. மூன்று வாரிசுகளும் சார்பதிவாளர் முன்னிலையில் பொய்த் தொகைக்குக் கையெழுத்திட வேண்டும் என்பது தனி. சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தங்கையின் நிலையை மட்டும் எண்ணினேன். அவள் பங்கில் ஐந்து இலட்சத்துக்கு மேல் கணக்கில் வராத நோட்டாக வரும். அதைக் கொண்டு அவள் ஒரு வீடு வாங்கப் போனால், விற்பவரிடம் அவளும் இதே பொய்யைக் கேட்டு நிற்க வேண்டும். தனியாக வாழும் ஒரு பெண் அத்தனை நோட்டை அலமாரியில் வைத்துக்கொண்டு உறங்குவது எப்படி? அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் தாமாகவே தொலைபேசியில் அழைத்து, "அந்த ஆளை விட்டுவிடு" என்றார்.

இரண்டாமவர் இளம் தம்பதியர். இருவரும் சரவணம்பட்டியில் வேலை பார்ப்பவர்கள். 68 இலட்சம், முழுவதும் வங்கி வழியாக, மூன்று மாதத்தில் கிரயம். நல்ல பிள்ளைகள். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் பெண் சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்த விதத்திலேயே, வீடு அவர்களுக்குப் பிடித்துவிட்டது தெரிந்தது. ஆனால் பிடித்திருப்பது வேறு, முடிவது வேறு. ஆகவே பென்சிலை எடுத்தேன்.

30 இலட்சத்துக்கு மேல் 75 இலட்சம் வரையிலான வீட்டுக் கடன்களில், சொத்து மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் வங்கி தரலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 68 இலட்சத்தில் 80 விழுக்காடு 54 இலட்சத்து 40 ஆயிரம். மீதி 13 இலட்சத்து 60 ஆயிரம் அவர்கள் கைப்பணம். பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 விழுக்காடு. ஆக 9 விழுக்காட்டுக்கு 6 இலட்சத்து 12 ஆயிரம். மொத்தத்தில் ஏறக்குறைய 20 இலட்சம் அவர்கள் கையில் இருந்தாக வேண்டும். இதுவும் வங்கியின் மதிப்பீட்டாளர் 68 இலட்சத்தை ஒப்புக்கொண்டால்தான். 1978-இல் கட்டிய கட்டடத்துக்கு அவர் என்ன மதிப்புப் போடுவாரோ! அவர் குறைத்தால் கைப்பணத் தேவை அந்த அளவுக்குக் கூடும். மாநகராட்சிக்கு முந்திய காலத்து வீடாகையால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் வங்கி வழக்கறிஞர் கேட்பார். அத்தா வைத்திருந்த பழைய நகல் கரையான் தின்றது போக மீதிதான் எங்களிடம் இருந்தது.

விலை கேட்டு வருபவரிடம் "உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர் நினைக்கிறார்கள். நான் அவ்வாறு நினைக்கவில்லை. பெண் கொடுக்கும் வீட்டில் வருமானம் கேட்பதில்லையா? அத்தம்பதியரிடம் பணிவாகக் கேட்டேன். 12 இலட்சம் என்றார்கள். பெண்ணின் தந்தை நகையை விற்று உதவக்கூடும் என்றும் சொன்னார்கள். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது அந்த இளைஞர் சற்று நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிவுச் செலவை அவர் கணக்கிலேயே சேர்த்திருக்கவில்லை.

மூன்றாமவர்தாம் லேத் பட்டறைக்காரர். விற்கப் போகிறோம் என்று வெளியே சொல்லுமுன் அவரிடம்தான் சொன்னோம். அப்போது, தம்மால் இயலாது என்றார். பிறகு அன்னூர்ப் பக்கத்தில் உள்ள தம் காட்டுக்கு ஆள் கிடைத்ததும் வந்தார். (எங்கள் பக்கத்தில் காடு என்றால் வனம் அன்று, புன்செய் நிலம்.) 64 இலட்சம், 20 இலட்சம் உடனே, மீதி பத்து மாதத் தவணையில். அவருடைய காட்டுக்கு வரும் பணமும் தவணையில்தான் வருகிறது.

இங்கேதான் எங்கள் வீட்டில் விவாதம் எழுந்தது. அண்டை வீட்டாரின் முன்னுரிமையை மார்க்கம் 'ஷுஃப்ஆ' என்று தனிச் சட்டமாகவே வைத்திருக்கிறது. ஷாஃபி மத்ஹபில் அது கூட்டு உடைமையாளருக்கு மட்டும். ஹனஃபி மத்ஹபில் முதலில் கூட்டு உடைமையாளர், அடுத்து வழி, நீர் போன்றவற்றில் பங்குள்ளவர், அடுத்து ஒட்டிய வீட்டுக்காரர் என்று வரிசை உண்டு. அண்டை வீட்டார் முஸ்லிமா அல்லரா என்ற பேதமும் அதில் இல்லை. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே பொதுத்தடம். சுவர் ஒன்றும் பொது. நீதிமன்றத்துக்குப் போனால் இவ்வுரிமை நம் மாநிலத்தில் செல்லாது. விற்பவரின் சுதந்திரத்துக்கு அது தடை என்று 1870-லேயே சென்னை உயர்நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. எனவே எங்களைக் கட்டாயப்படுத்த யாருமில்லை; மனத்துக்கு எது சரி என்பதே கேள்வி.

அண்ணன் ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டினார். நபி (ஸல்) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அபூ ராஃபிஉ (ரலி) அவர்களுக்கு ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்தில் இரண்டு அறைகள் சொந்தமாக இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளும்படி ஸஅத் (ரலி) அவர்களிடம் சென்றார்கள். அவர்கள் நாலாயிரத்துக்கு மேல் தர இயலாது, அதுவும் தவணையில் என்றார்கள். அபூ ராஃபிஉ (ரலி) அவர்களுக்கு வேறோர் இடத்தில் ஐநூறு தீனார் விலை வந்திருந்தது. அக்காலத்தில் ஒரு தீனார் ஏறத்தாழப் பத்து திர்ஹம். அதாவது ஆயிரம் திர்ஹம் அதிகம். ஆயினும் அண்டை வீட்டாரின் உரிமை பற்றி நபியவர்கள் கூறியதைக் கேட்டிருந்ததால், குறைந்த விலைக்கே கொடுத்துவிட்டார்கள்.

"நமக்கு வந்திருப்பதும் அப்படியே அதே கதை. குறைந்த விலை, தவணை, பக்கத்து வீடு. 64-க்கே கொடுத்துவிடுவோம்" என்றார் அண்ணன்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள் விட்டுக்கொடுத்தது தம் சொந்த அறைகளின் விலையை. எங்கள் வீட்டில் ஐந்தில் ஒன்று தங்கையுடையது. அண்ணனும் நானும் எங்கள் நான்கு பங்கில் எவ்வளவு தாராளம் வேண்டுமானாலும் காட்டலாம். அவள் பங்கிலிருந்து ஒரு ரூபாய் தாராளம் காட்ட எங்களுக்கு உரிமை கிடையாது. நம் குடும்பங்களில் பெண்ணின் பங்கு கரைவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் அபகரிப்பதில்லை. அண்ணன்மார் பெருந்தன்மை காட்டுகிறார்கள். தங்கையின் பங்கும் சேர்ந்து போகிறது. சட்டப்படி பார்த்தாலும், ஷுஃப்ஆ அண்டை வீட்டாருக்குத் தருவது முன்னுரிமையைத்தான். விலைக் குறைப்பை அன்று. வெளியார் தரும் விலையைத் தாமும் தந்தால் அவருக்கு முதலிடம், அவ்வளவே.

எனவே கணக்கைத் தங்கையின் பக்கமிருந்து போட்டேன். தம்பதியரைத் தரகர் அழைத்து வந்தார். தரகு நூற்றுக்கு இரண்டு. 68 இலட்சத்தில் அது போனால் 66 இலட்சத்து 64 ஆயிரம். தங்கைக்கு 13 இலட்சத்து 32 ஆயிரத்து 800. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தரகர் இல்லை. 64 இலட்சத்தில் தங்கைக்கு 12 இலட்சத்து 80 ஆயிரம். நாலு இலட்சம் என்று பெரிதாகத் தெரிந்த வித்தியாசம், அவளைப் பொறுத்தவரை 52,800 ரூபாய். தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து வாழ்பவளுக்கு அதுவும் சிறிதன்று.

இதற்கிடையில் தரகர் ஒரு யோசனை சொன்னார். தம்பதியரிடம், "75 இலட்சத்துக்கு ஓர் ஆள் இருக்கிறார்" என்று ஒரு வார்த்தை போட்டால் 70-க்கு ஏறிவிடுவார்களாம். இல்லாத ஆளைக் காட்டி விலை ஏற்றுவதற்கு நம் நூல்களில் 'நஜ்ஷ்' என்று பெயர். நபிமொழியில் தெளிவாகத் தடுக்கப்பட்டது. யார் அதிகம் தருகிறீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்பதில் தவறில்லை. பொய்யான போட்டியில்தான் தவறு. நான் மறுத்தபோது தரகர் சிரித்தார். "பாய், எல்லோரும் செய்வதுதான்" என்றார். கையில் 12 இலட்சத்தை வைத்துக்கொண்டு தவிக்கும் அந்தப் பிள்ளைகளை மேலும் இரண்டு இலட்சத்துக்கு விரட்டுவதில் யாருக்கு என்ன இலாபம்? அவருக்கு நாலாயிரம்.

உண்மையான விலையை உண்மையாகச் சொல்வதில் தடையில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் போனேன். "வெளியே 68 வந்திருக்கிறது, தரகு போக இவ்வளவு, தங்கைக்கு ஐந்து மாதத்தில் பணம் வேண்டும்" என்று மூன்றையும் சொன்னேன். பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். இரண்டு நாள் கழித்து வந்து 66 என்றார். தவணையைக் குறைக்க மட்டும் முடியாது என்றார். தவணைக்காக விலையைச் சற்றுக் கூட்டிப் பேசலாமா என்று ஓர் ஆலிமிடம் விசாரித்தோம். பேசி முடிக்கும்போது ஒரே விலையாக முடிவு செய்துவிட வேண்டும். பிறகு தாமதத்துக்காக ஏற்றினால் அது வட்டியாகிவிடும் என்றார். 66-இலேயே நிறுத்திக்கொண்டோம்.

வீட்டின் குறைகளை அவரிடம் எடுத்துச் சொல்லும் வேலை எங்களுக்கு மிச்சம். மேற்குச் சுவர் ஐப்பசி மழையில் ஓதமடிப்பதும், ஆழ்துளைக் கிணறு பங்குனியில் வற்றுவதும் எங்களைவிட அவருக்கே நன்றாகத் தெரியும்.

தவணையை இப்படி ஒழுங்கு செய்தோம்: உடன்படிக்கையன்று வரும் 20 இலட்சத்திலிருந்து தங்கையின் பங்கு முழுவதும், அதாவது 13 இலட்சத்து 20 ஆயிரம், முதலில் அவள் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். எஞ்சிய 6 இலட்சத்து 80 ஆயிரத்தையும், மாதம் 4 இலட்சத்து 60 ஆயிரமாகப் பத்து மாதம் வரும் பணத்தையும் அண்ணனும் நானும் எடுத்துக்கொள்கிறோம். காத்திருக்கக் கூடியவர்கள் காத்திருக்கிறோம். 68 இலட்சத்துக்கும் இதற்கும் தங்கையின் பங்கில் எஞ்சியிருந்த 12,800 ரூபாய் வித்தியாசத்தை அண்ணன் தம் கையிலிருந்து போட்டார். 64-க்கே கொடுப்போம் என்றவர் அவரல்லவா!

தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் கிரய உடன்படிக்கையையும் பதிவு செய்தாக வேண்டும். முப்பது ஆண்டுப் பழக்கம், வாய்ச்சொல் போதாதா என்று அவர் சற்று மனம் சுளித்தார். "எங்களுக்காக அல்ல; கிரயத்துக்கு முன்பே இத்தனை பணம் கொடுக்கப் போகிறீர்களே, உங்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்றதும் ஒப்பினார். வாரிசுச் சான்றிதழும் பட்டா மாறுதலும் முன்பே எடுத்து வைத்திருந்தோம். வாரிசுகள் மூவரும் கையெழுத்திட்டோம்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. விலை 50 இலட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 விழுக்காடு பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் பலராக இருந்து ஒவ்வொருவர் பங்கும் 50 இலட்சத்துக்குக் கீழே இருந்தாலும் மொத்த விலைதான் கணக்கு என்பது 2024 அக்டோபர் முதல் தெளிவாக்கப்பட்டுவிட்டது. ஆகவே தங்கைக்கும் பான் அட்டை வேண்டும். அது ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். இல்லையேல் பிடித்தம் பன்மடங்காகும். விற்ற இலாபத்துக்கு வரி 12.5 விழுக்காடு. 23.7.2024-க்கு முன் பெற்ற சொத்தாயின், பணவீக்கத்தைக் கழித்து 20 விழுக்காடு என்ற பழைய முறையில் வரி குறைந்தால் அதையே கொள்ளலாம். எங்களுடையதைப் போன்ற பழைய சொத்துக்கு 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை, அந்நாளைய வழிகாட்டி மதிப்புக்கு மேற்படாமல், வாங்கிய விலையாகக் காட்டலாம். மூன்று விலையையும் ஒப்பிடும்போதே ஒரு கணக்காளரிடம் இதையெல்லாம் கேட்டுவிட்டோம்.

தம்பதியரிடம், வீட்டைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்க முடிவு செய்த அன்றே நேரில் போய்ச் சொன்னேன். முன்பணம் வாங்கியிருக்கவில்லை, வாக்கும் கொடுத்திருக்கவில்லை, வங்கி வழக்கறிஞருக்கு அவர்கள் கட்டணம் கட்டுமுன் சொல்லிவிட வேண்டும் என்பதே என் அவசரம். அந்தப் பெண்ணுக்கு வருத்தம்தான். இளைஞர், நான் எழுதிக் கொடுத்த கணக்குத் தாளைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார்.

தங்கை தன் சேமிப்பையும் சேர்த்துக் குனியமுத்தூரில் ஒன்றே கால் செண்டில் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பேசி முடித்திருக்கிறாள். விற்பவர், தமக்கு ஐந்து இலட்சம் ரொக்கமாக வேண்டும் என்று ஆரம்பித்தாராம். காசோலையைத் தவிர வேறு வழியில்லை என்று இவள் உட்கார்ந்துவிட்டாள். கணபதி வீட்டுக்கு நாலு தவணை வந்துவிட்டது, ஆறு பாக்கி. கடைசித் தவணையன்று கிரயம். அதுவரை சொத்து வரியை நாங்களே செலுத்துவதென்றும், முற்றத்துக் கொய்யா மரத்தின் காய்களை இரு வீட்டாரும் பறித்துக்கொள்ளலாம் என்றும் உடன்படிக்கையில் எழுதியிருக்கிறோம். பின்னதை எழுதச் சொன்னவர் அவர்தான்.